ரன்னும் விக்கெட்டும்

கால்பந்திலும் ஹாக்கியிலும் இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் கோல் போட முயல்கின்றன. கிரிக்கெட்டில் அப்படி இல்லை. ஓர் அணி மட்டை பிடித்து ரன் சேர்க்கும். அதன் முறை முடியும்வரை எதிரணி பந்து வீசும், ஓடித் தடுக்கும். மைதானத்தில் பந்து வீசும் அணியின் பதினொரு பேரும் நிற்பார்கள். மட்டை பிடிக்கும் அணியிலிருந்து இரண்டே பேர். இந்த இருவரில் ஒருவர் ஆட்டமிழந்தால், அதாவது ஒரு விக்கெட் விழுந்தால், அடுத்தவர் வருவார். பத்துப் பேர் ஆட்டமிழந்ததும் பதினோராமவருக்குத் துணை இல்லாமல் போவதால் அந்த அணியின் முறை முடியும். இந்த முறைக்குப் பெயர் இன்னிங்ஸ். பிறகு அணிகள் இடம் மாறும். அதிக ரன் சேர்த்த அணிக்கு வெற்றி.

ஆட்டத்தின் பதற்றமெல்லாம் ஒரே விதியிலிருந்து பிறக்கிறது: மட்டையாளருக்கு ஓர் இன்னிங்ஸில் ஓர் உயிர்தான். டென்னிஸில் ஒரு பந்தைக் கோட்டைவிட்டால் ஒரு புள்ளி போகும், அடுத்த பந்தில் மீட்டுக்கொள்ளலாம். மட்டையாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேன் 1948இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஐந்து நாள் ஆட்டமான டெஸ்ட்டில் தன் கடைசி இன்னிங்ஸுக்கு இறங்கியபோது, 4 ரன் எடுத்திருந்தால் அவருடைய வாழ்நாள் சராசரி 100ஐத் தொட்டிருக்கும். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தே ஸ்டம்பைச் சாய்த்தது. எடுத்த மொத்த ரன்னை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரி. பிராட்மேனுடையது 99.94இல் நின்றுபோனது.

ரன் வேண்டுமென்றால் துணிந்து அடிக்க வேண்டும். அடித்தால் ஆட்டமிழக்க வாய்ப்பு உண்டு. தடுத்துக்கொண்டே நின்றால் விக்கெட் பிழைக்கும், ரன் வராது. கிரிக்கெட்டின் சட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இழுபறியில் ஒரு பக்கம் ஓங்கிவிடாமல் பார்த்துக்கொள்பவை. எழுத்து வடிவிலான முதல் சட்டங்கள் 1744இல் இங்கிலாந்தில் தொகுக்கப்பட்டன. 1787இல் தொடங்கப்பட்ட எம்.சி.சி. என்னும் லண்டன் கிளப் அடுத்த ஆண்டே அவற்றைத் திருத்தி வெளியிட்டது. இன்றும் சட்டப் புத்தகம் அதன் பொறுப்பில்தான் இருக்கிறது. இப்போதைய தொகுப்பில் 42 சட்டங்கள் உள்ளன. சர்வதேசப் போட்டிகளின் நடைமுறை விதிகளை மட்டும் ஐ.சி.சி. என்னும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் வகுக்கிறது.

மைதானம் பெரும்பாலும் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். அதற்கு இன்ன அளவுதான் என்று சட்டம் சொல்வதில்லை. நடுவில் உள்ள ஆடுகளத்துக்குத்தான் கறாரான அளவு: 22 கெஜ நீளம், அதாவது 20.12 மீட்டர், அகலம் 10 அடி. பேச்சு வழக்கில் இது பிட்ச். இரண்டு முனைகளிலும் மும்மூன்று ஸ்டம்புகள் நட்டு, அவற்றின் தலையில் பெயில்ஸ் எனப்படும் இரண்டு சிறு கட்டைகளை வைப்பார்கள். ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம். மூன்றும் சேர்ந்து 9 அங்குல அகலம். ஆரம்பத்தில் இரண்டு ஸ்டம்புகள்தான் இருந்தன. 1775இல் லண்டனில் நடந்த ஒரு போட்டியில் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜான் ஸ்மால் என்ற மட்டையாளரைத் தாண்டி மூன்று முறை இரு ஸ்டம்புகளுக்கும் நடுவே புகுந்து போயிற்று. எதுவும் விழாததால் ஸ்மால் தொடர்ந்து ஆடினார். இது அநியாயம் என்று பட்டதன் பிறகே நடு ஸ்டம்ப் வந்தது.

ஸ்டம்புகளுக்கு 4 அடி முன்னால் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இதுதான் கிரீஸ். மட்டையோ உடலின் ஏதாவது ஒரு பகுதியோ இந்தக் கோட்டைத் தாண்டி உட்புறம் தரையில் பட்டிருந்தால் மட்டையாளர் பத்திரம். கோட்டின் மேலேயே இருந்தால் போதாது. டிவி நடுவர் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இந்த நூலிழை வித்தியாசத்துக்காகத்தான்.

பந்தின் உள்ளே தக்கை, அதைச் சுற்றி இறுக்கிய நூல், வெளியே தோல். ஆண்கள் ஆட்டத்தில் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. தோல் பகுதிகளை இணைக்கும் தையல் சற்று மேடாக இருக்கும். இதைத் தையல் என்று யாரும் சொல்வதில்லை, சீம் என்பார்கள். டெஸ்ட்டில் சிவப்புப் பந்து; ஒருநாள், டி20 என்னும் குறுகிய ஆட்டங்களில் வெள்ளை; பகலிரவு டெஸ்ட்டில் இளஞ்சிவப்பு. மட்டை வில்லோ மரத்தில் செய்யப்படுவது, அகலம் 10.8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்ட்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு வந்து நின்றார். பந்து கெட்டுப்போகும் என்று எதிரணித் தலைவர் புகார் செய்ய, நடுவர்கள் அதை மாற்றச் சொல்ல, லில்லி மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மர மட்டை வாங்கிக்கொண்டார். மட்டை மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் சட்டம் வந்தது.

ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களும் டாஸ் போடுவார்கள். வென்றவர் மட்டை பிடிப்பதா, பந்து வீசுவதா என்று தேர்ந்தெடுப்பார். ஒரு முனையிலிருந்து ஆறு பந்துகள் வீசினால் ஓர் ஓவர். அடுத்த ஓவரை எதிர்முனையிலிருந்து வேறொருவர் வீச வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீச முடியாது.

பந்தை வீச வேண்டும், எறியக் கூடாது. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும்வரை முழங்கை நீளக் கூடாது என்பது அடிப்படை. இலங்கையின் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு பற்றி எழுந்த நீண்ட சர்ச்சையின்போது நடந்த ஆய்வுகளில், ஒழுங்காக வீசுவதாக எல்லோரும் நம்பிய பலருடைய முழங்கையும் ஓரளவு நீள்வது தெரிந்தது. கடைசியில் 15 டிகிரி வரை அனுமதி என்று ஐ.சி.சி. வரையறுத்தது. கண்டியில் பிறந்த முரளிதரன் 2010இல் காலி நகர மைதானத்தில், டெஸ்ட்டில் தான் வீசிய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்து ஓய்வு பெற்றார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் எட்டவில்லை.

பந்து மட்டையாளருக்கு முன்னால் எங்கே குத்துகிறது என்பதை லெங்க்த் என்பார்கள். காலடியில் குத்தினால் யார்க்கர், குத்தாமலே வந்தால் ஃபுல் டாஸ், பாதி தூரத்தில் குத்தி மார்புக்கோ தலைக்கோ எழும்பினால் பவுன்சர். முன்னால் வந்து ஆடுவதா, பின்னால் சாய்ந்து ஆடுவதா என்று மட்டையாளரைத் திணற வைக்கும் இடம்தான் நல்ல லெங்க்த். வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசினால் பந்து வந்து சேர அரை நொடிதான் ஆகும்.

வேகம் மட்டும் போதாது. பந்தின் ஒரு பக்கத்தை வீரர்கள் சட்டையிலும் கால்சட்டையிலும் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொள்வதைக் காணலாம். இது பழக்கதோஷம் இல்லை. சீம் சற்றுச் சாய்ந்தபடி பறக்கும் பந்தின் மேல் காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டிப் போவதில்லை. அந்த வேறுபாட்டால் பந்து பறக்கும்போதே ஒரு பக்கம் வளைகிறது. இதுவே ஸ்விங். பந்து நன்றாகத் தேய்ந்து பழையதான பிறகு, போதிய வேகத்தில் வீசினால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பும். அது ரிவர்ஸ் ஸ்விங். இந்த வித்தையை உலகுக்குக் காட்டியவர்கள் பாகிஸ்தான் வீச்சாளர்கள். சர்ஃபராஸ் நவாஸிடமிருந்து இம்ரான் கானுக்கும், அவரிடமிருந்து வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் இருவருக்கும் அது கைமாறியது.

சுழற்பந்து வீச்சாளர் வேகத்தைக் குறைத்து, விரலாலோ மணிக்கட்டாலோ பந்தைச் சுழற்றி விடுகிறார். தரையில் குத்தியதும் பந்து திரும்பும். வலக்கை மட்டையாளருக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பினால் ஆஃப் ஸ்பின், உள்ளிருந்து வெளியே போனால் லெக் ஸ்பின். லெக் ஸ்பின் போலவே கையைக் காட்டிவிட்டு உள்ளே திருப்பினால் கூக்ளி. காய்ந்து வெடிப்பு விட்ட ஆடுகளத்தில் திரும்பும் அளவு கூடும். சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம், ஐந்தாம் நாட்களில் சுழற்பந்துக்கு மவுசு ஏறுவது இதனால்தான். நடுவிரலால் சுண்டிவிடும் கேரம் பந்தை இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் பிரபலப்படுத்தினார். டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்த சென்னையின் அஸ்வினும் அதே ஆயுதத்தை வைத்திருந்தார். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்களுக்கு அது புதிதல்ல. அங்கே அதற்குச் சொடக்குப் பந்து என்று பெயர்.

இனி ஆட்டமிழக்கும் வழிகள். பந்து ஸ்டம்பில் பட்டுப் பெயில்ஸ் விழுந்தால் போல்டு. மட்டையில் பட்ட பந்து தரையைத் தொடுமுன் பிடிக்கப்பட்டால் கேட்ச். இவ்விரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. ஓடும்போது கிரீஸை எட்டுமுன் எதிரணி ஸ்டம்பைத் தட்டினால் ரன் அவுட். அடிக்கும் ஆவலில் கிரீஸை விட்டு வெளியே வந்தவர் பந்தைத் தவறவிட, ஸ்டம்புகளுக்குப் பின்னால் நிற்கும் விக்கெட் கீப்பர் அதைப் பிடித்துப் பெயில்ஸைத் தட்டினால் ஸ்டம்பிங். 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள், அன்றுதான் டெஸ்ட்டுக்கு அறிமுகமான நரேந்திர ஹிர்வானியை இறங்கி அடிக்கப் போய் ஏமாந்தார்கள். அந்த ஒரு போட்டியில் கீப்பர் கிரண் மோரே ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். ஹிர்வானிக்கு 136 ரன்னுக்கு 16 விக்கெட்.

பலருக்கும் குழப்பம் தருவது எல்.பி.டபிள்யூ. ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறைப்பதற்கான தண்டனை அது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் நடுவர் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்து மட்டையாளரின் கால் பக்கம் உள்ள லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? ஆம் என்றால் பேச்சுக்கே இடமில்லை, அவுட் கிடையாது. கால் பக்கமாகவே வீசித் தொல்லை கொடுக்கும் எதிர்மறை ஆட்டத்தை இந்த விதி தடுக்கிறது. பந்து முதலில் மட்டையில் பட்டதா? பட்டிருந்தால் அவுட் இல்லை. உடலில் பட்ட இடம் ஸ்டம்புகளுக்கு நேராக இருந்ததா? பட்டிராவிட்டால் பந்து ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் விரல் உயரும்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 1957இல் பர்மிங்ஹாம் டெஸ்ட்டில் வெஸ்ட் இண்டீஸின் சோனி ராமதீன் முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்தைச் சுருட்டினார். அவருடைய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் பீட்டர் மேயும் காலின் கவுட்ரியும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். இடக்காலை எதிர்ப்பக்க ஸ்டம்பான ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நீட்டி, மட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பந்தைக் காலில் கட்டிய பேடாலேயே உதைத்துத் தள்ளினார்கள். வெளியே பட்டால் அவுட் இல்லை என்பதே அன்றைய சட்டம். இருவரும் சேர்ந்து 411 ரன் எடுத்தார்கள். ராமதீன் அந்த இன்னிங்ஸில் 98 ஓவர் வீசி ஓய்ந்துபோனார். இப்படிக் காலால் தள்ளுவது சட்டத்துக்கு உட்பட்டது, ஆனால் பார்க்கச் சகிக்காத ஆட்டம். 1970களில் சட்டம் மாறியது: பந்தை அடிக்க உண்மையாக முயலாதவருக்கு, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டாலும் அவுட் கொடுக்கலாம்.

தன் மட்டையாலோ உடலாலோ ஸ்டம்பைத் தட்டிவிட்டால் ஹிட் விக்கெட். பந்தை வேண்டுமென்றே இரண்டு முறை அடிப்பதும், ஃபீல்டரை மறிப்பதும் அவுட்தான்; இவை அரிதானவை. அடுத்த மட்டையாளர் குறித்த நேரத்துக்குள் தயாராக நிற்காவிட்டாலும் அவுட். 2023 உலகக் கோப்பையில், டெல்லியில் ஹெல்மெட் வார் அறுந்துபோய் வேறொன்று கேட்டு நின்ற இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் இப்படி வெளியேறினார். சர்வதேச ஆட்டத்தில் அதுவே முதல் முறை. பந்துவீச்சாளர் முனையில் நிற்பவர் பந்து வீசுமுன்பே கிரீஸை விட்டு நகர்ந்தால் வீச்சாளர் ஸ்டம்பைத் தட்டலாம். 1947இல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனையும், 2019 ஐ.பி.எல். போட்டியில் அஸ்வின் ஜோஸ் பட்லரையும் இப்படி வெளியேற்றினார்கள். கோட்டைத் தாண்டியவர் மட்டையாளர், வசவு வாங்கியவர் வீச்சாளர். 2022இல் எம்.சி.சி. இதை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டாக வைத்தது தாமதமாக வந்த நியாயம்.

எந்த வகையானாலும் எதிரணி முறையிட்டால்தான் நடுவர் அவுட் கொடுக்க முடியும். ஃபீல்டர்கள் கைகளை உயர்த்திக் கத்துவது வெறும் ஆர்ப்பாட்டம் அல்ல, சட்டம் கேட்கும் கேள்வி.

ரன் எடுப்பது எளிது. பந்தை அடித்துவிட்டு இருவரும் எதிர்முனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ரன். பந்து தரையில் உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டால் 4, தரையில் படாமல் தாண்டினால் 6. மட்டையில் படாமலும் ரன் வரும். எட்டாத தூரத்தில் வீசினால் வைட். வீச்சாளரின் முன்கால் கிரீஸுக்குள் விழாவிட்டால் நோ பால். இரண்டுக்கும் மட்டை பிடிக்கும் அணிக்கு ஒரு ரன், கூடவே இன்னொரு பந்து. ஒருநாள், டி20 ஆட்டங்களில் நோ பாலுக்கு அடுத்த பந்து ஃப்ரீ ஹிட். அதில் போல்டும் கேட்சும் செல்லாது. மட்டையிலும் உடலிலும் படாமல் போன பந்துக்கு ஓடினால் பை, உடலில் பட்டுப் போனால் லெக் பை.

ஒவ்வொரு ரன்னின் விலையையும் சென்னை நன்றாக அறியும். 1987 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து எல்லைக்கோட்டருகே விழுந்தது. நடுவர் 4 என்றார். இன்னிங்ஸ் இடைவேளையில் ஆஸ்திரேலியர்கள் அது 6 என்று வாதிட, இந்தியத் தலைவர் கபில்தேவ் மறுக்கவில்லை. 268 என்றிருந்த ஸ்கோர் 270 ஆனது. இந்தியா 269இல் ஆட்டமிழந்து ஒரே ரன்னில் தோற்றது.

ஃபீல்டர்களை எங்கே நிறுத்துவது என்பது அணித் தலைவரின் வேலை. மட்டையாளர் நிற்கும்போது மட்டை இருக்கும் பக்கம் ஆஃப் சைடு, முதுகுப் பக்கம் லெக் சைடு. கீப்பருக்கு அருகில் வரிசையாக நிற்பவர்கள் ஸ்லிப். மட்டை விளிம்பில் உரசி வரும் பந்துக்காகக் காத்திருப்பவர்கள். பாயிண்ட், கவர், மிட் ஆஃப், மிட் ஆன், ஸ்கொயர் லெக், ஃபைன் லெக் என மற்ற இடங்களுக்கும் பெயர்கள் உண்டு. எல்லோரையும் எல்லையில் நிறுத்தி ரன்னைத் தடுத்துவிட முடியாதபடி குறைந்த ஓவர் ஆட்டங்களில் கட்டுப்பாடு உள்ளது. பவர்பிளே எனப்படும் முதல் ஓவர்களில், அதாவது ஒருநாள் போட்டியில் 10 ஓவர், டி20இல் 6 ஓவர் வரை, 30 கெஜ வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் நிற்கலாம்.

டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள். அணிக்கு இரண்டு இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு ஓவர் வரம்பு இல்லை. முதல் டெஸ்ட் 1877 மார்ச்சில் மெல்போர்னில் நடந்தது. அதே ஊரில் 1971 ஜனவரியில் மழையால் ஒரு டெஸ்ட் கைவிடப்பட்டதற்கு ஈடாக நடத்திய 40 ஓவர் ஆட்டமே முதல் சர்வதேச ஒருநாள் போட்டி. 1975இல் முதல் உலகக் கோப்பை 60 ஓவர்களோடு வந்தது. கபில்தேவ் அணி 1983இல் லார்ட்ஸில் வென்றதும் 60 ஓவர் கோப்பைதான். 1987 முதல் அது 50 ஆனது. 20 ஓவர் ஆட்டத்தை 2003இல் இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் தொடங்கின. சர்வதேச டி20யை முதலில் ஆடியவர்கள் பெண்கள்: 2004இல் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதின. ஆண்கள் அடுத்த ஆண்டுதான் ஆடினார்கள். டி20இல் பத்து விக்கெட்டுகளும் இருபது ஓவருக்கே என்பதால் விக்கெட்டின் விலை சரிந்து, பந்தின் விலை ஏறிவிட்டது.

டெஸ்ட்டில் மட்டும் உள்ள வெற்றிக் கணக்குகள் சில. ஓர் அணியின் இரண்டு இன்னிங்ஸ் ரன்னும் சேர்ந்து எதிரணியின் ஒரே இன்னிங்ஸை எட்டாவிட்டால் அது இன்னிங்ஸ் தோல்வி. 1952இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில் தோற்கடித்ததே இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. முதலில் ஆடிய அணி 200 ரன்னுக்குக் குறையாமல் முந்தியிருந்தால் எதிரணியை உடனே மறுபடி ஆடச் சொல்லலாம். இது ஃபாலோ ஆன். 2001இல் கொல்கத்தாவில் அப்படி ஆட வைக்கப்பட்ட இந்தியா, லட்சுமணின் 281ஆலும் திராவிடின் 180ஆலும் ஆஸ்திரேலியாவையே தோற்கடித்தது. ஐந்து நாளில் முடிவு எட்டப்படாவிட்டால் டிரா. நேரம் போதாது என்று கருதும் தலைவர் விக்கெட் மிச்சமிருக்கும்போதே டிக்ளேர் செய்து எதிரணியை ஆட அழைக்கலாம்.

அந்தத் துணிச்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் கண்டது. ஆஸ்திரேலியத் தலைவர் ஆலன் பார்டர் இரண்டு இன்னிங்ஸையும் டிக்ளேர் செய்து இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு வைத்தார். கடைசி ஓவரில் ஒரு விக்கெட் கையிருப்போடு 4 ரன் வேண்டியிருந்தது. ரவி சாஸ்திரி 3 ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். இனித் தோல்வி இல்லை, ஒரு ரன் எடுத்தால் வெற்றி. ஐந்தாவது பந்தில் கடைசி மட்டையாளர் மணிந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்டது. இரு அணிகளுக்கும் தலா 744 ரன். எல்லா இன்னிங்ஸும் முடிந்து ஸ்கோர் சமமானால் டை. இது டிராவிலிருந்து வேறு. அதற்கு முன் ஒரே ஒரு டெஸ்ட்தான் டை ஆகியிருந்தது, 1960இல் பிரிஸ்பேனில். குறைந்த ஓவர் ஆட்டம் டை ஆனால், இரு அணிகளும் தலா ஓர் ஓவர் ஆடும் சூப்பர் ஓவர் வைத்து வெற்றியாளரைத் தீர்மானிப்பதுண்டு.

மழை வந்தால் குறைந்த ஓவர் ஆட்டத்தில் இலக்கை மாற்ற வேண்டும். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில், சிட்னியில் 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்ட தென்னாப்பிரிக்காவுக்கு, மழை விட்டதும் அன்றைய விதிப்படி ஒரே பந்துதான் மிஞ்சியது. அந்தக் கேலிக்கூத்துக்குப் பிறகு, மிச்சமுள்ள ஓவர், கையில் உள்ள விக்கெட் இரண்டையும் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் முறை 1997இல் வந்தது. ஸ்டெர்ன் செய்த திருத்தத்தோடு அது இன்று டி.எல்.எஸ்.

களத்தில் நடுவர்கள் இருவர். ஒருவர் பந்துவீச்சாளர் முனையில் நிற்பார், மற்றவர் ஸ்கொயர் லெக் திசையில். சென்னையின் எஸ்.வெங்கட்ராகவன் இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடிவிட்டு, பிறகு 73 டெஸ்ட்டுகளில் நடுவராக நின்றவர். டிவி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மூன்றாவது நடுவர் 1992 நவம்பரில் டர்பனில் அறிமுகமானார். அவரால் முதலில் ரன் அவுட் ஆனவர் சச்சின் டெண்டுல்கர். களநடுவரின் தீர்ப்பை எதிர்த்து அணிகளே முறையிடும் டி.ஆர்.எஸ். 2008இல் இந்தியா, இலங்கைத் தொடரில் சோதிக்கப்பட்டது. எல்.பி.டபிள்யூ. முறையீட்டில் கணினி வரைந்து காட்டும் பாதையில் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படுமானால், களநடுவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். அதனால் ஒரே பந்துக்கு, நடுவர் விரலை உயர்த்தியிருந்தால் அவுட், உயர்த்தாவிட்டால் நாட் அவுட்.